நேராகத்தான் நிற்கிறீர்கள், சம்பந்தி

கிளினிக்,
மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் பெண் நலம், என் பையன் நலம், என் மனைவி வழக்கம்போல் என்மேல் கோபமாக நலம். நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மாலை கோல்ஃப் கிளப்புக்குப் போயிருந்தேன். மே மாத ஜோடிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நம் பெயரைத் தேடினேன். என் பெயர் எங்குமே இல்லை. உங்கள் பெயர் இருக்கிறது. பக்கத்தில் ஆடிட்டரின் பெயர் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன், அப்போதும் ஆடிட்டர்தான்.

என்ன சம்பந்தி இது? மூன்று வருடமாக நாம் இருவரும்தானே ஜோடி? நீங்கள் லிஃப்ட் பொருத்துகிறேன் என்று வெளியூர் போய் ஜனவரியிலிருந்து அங்கேயே இருக்கிறீர்கள், சரி. போட்டிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? வந்து யாரோடு ஆடுவீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கேயே வைத்து ஆடிட்டரைக் கேட்டேன். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, "உங்க சம்பந்தி எத்தனை நாளைக்குத்தான், டாக்டர், மரத்துக்குள்ள இருந்தே அடிப்பாரு? பாவம், ஒரு வருஷமாவது புல்லுல நின்னு ஆடட்டுமே" என்றார். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு நான் பல் கட்டியிருக்கிறேன்.

போனில் கேட்டிருப்பேன். வீட்டில் போனை எடுத்தால் ஹாலில் எல்லோரும் இருக்கிறார்கள். தன் அப்பாவிடம் மாமனார் போனில் கத்துவதை உங்கள் பெண் கேட்க வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம். பதிலைக் கிளினிக் விலாசத்துக்குப் போடுங்கள். வீட்டுக்குப் போட்டால் அவள் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் ஜோடி


சைட் ஆபீஸ்,
மார்ச் 11

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் மனசு ரொம்பச் சங்கடப்பட்டுவிட்டது. தங்களைப் புண்படுத்தும் எண்ணம் எனக்குக் கனவிலும் கிடையாது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆடிட்டர் போன் செய்தபோது நான் லிஃப்ட் வரும் சுரங்கத்துக்குள் ஏழாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சுவரைத் துளைக்கிறார்கள், காது இரண்டும் அடைத்துப் போயிருக்கிறது. அவர் என்னவோ கேட்டார், நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். பெயரே கொடுத்துவிடுவார் என்று நினைக்கவில்லை. உடனே மறுத்தால் அவர் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

தங்கள் ஆட்டத்தைப் பற்றி ஆடிட்டர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்கள் வேகம் யாருக்கு வரும்? பந்து கொஞ்சம் வலது பக்கம் போகிறது, அவ்வளவுதான். அந்த மைதானத்தில் காற்று எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் அடிக்கிறது. நானே பல தடவை கவனித்திருக்கிறேன்.

மாப்பிள்ளையையும் சம்பந்தியம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லவும். பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமானால் தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விளையாட்டு டீச்சர் என்றால் பிள்ளைகள் போகும்வரை நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

தங்கள்,
சம்பந்தி


கிளினிக்,
மார்ச் 18

அன்புள்ள சம்பந்திக்கு,

காற்றா? காற்று எனக்கு மட்டும்தான் அடிக்குமா? நீங்கள் அடிக்கும்போது அது டீ குடிக்கப் போய்விடுகிறதா?

பூசி மெழுகாதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் ஒரு வரியாவது எனக்கு உதவுமா என்று தேடினேன். ஒன்றுமில்லை. எல்லாம் வெண்ணெய் தடவிய வரிகள். பல்வலியோடு வருகிறவனிடம் உங்கள் பல் முத்துப்போல் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் அவன் என்ன செய்வான்?

எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியும். மற்ற மட்டைகளில் தொல்லை இல்லை. அந்த நீள மட்டை, டிரைவர், அதை எடுத்தால் போதும். பந்து இடது பக்கமாகக் கிளம்புகிறது. ஆஹா என்று நினைப்பதற்குள் பாதி வழியில் மனம் மாறி வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. ஸ்லைஸ் என்கிறார்கள். நான் சனியன் என்கிறேன். ஜோடிப் போட்டியில் இருவருக்கும் ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். நான் மரத்துக்குள் அடித்தால் அங்கிருந்து நீங்கள்தான் வெளியே எடுக்க வேண்டும். மூன்று வருடம் எடுத்தீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது உங்கள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

சரி, ஒரு ஒப்பந்தத்துக்கு வருவோம். பெயரை மாற்றிக்கொள்ள ஏப்ரல் கடைசி வரை நேரம் தருகிறார்கள். அதற்குள் நான் இந்த ஸ்லைஸைச் சரி செய்கிறேன். செய்துவிட்டால் நீங்கள் ஆடிட்டரிடமிருந்து விலகி என்னோடு ஆட வேண்டும். செய்யவில்லையென்றால் நான் மட்டையைப் பரணில் போட்டுவிடுகிறேன். கிளப்பில் எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? மற்றவர்கள் எல்லாம் என்னைக் கண்டாலே கடைவாய்ப் பல்லைக் காட்டி யோசனை கேட்கிறவர்கள். நீங்கள் ஒருவர்தான் என்னோடு விளையாட வருகிறவர்.

அதனால் சொல்லிக்கொடுங்கள். நான் என்ன தப்பு செய்கிறேன் என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுங்கள். நான் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடலாம். நான் நிற்கும் நிலையில் தப்பில்லை. ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்டுத்தானே அடித்திருக்கிறேன். நீங்களும் பின்னால் நின்று பார்த்து, "நேராத்தான் நிக்கிறீங்க சம்பந்தி" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கண்டுபிடியுங்கள்.

சம்பந்தி


சைட் ஆபீஸ்,
மார்ச் 26

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் கேட்டதால் எழுதுகிறேன். தங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பிடி. மட்டையின் முகம் பந்தில் படும் நேரத்தில் திறந்துபோய் வலது பக்கம் பார்த்தால் பந்து அப்படித்தான் சுழலும். தாங்கள் இடது கையைக் கொஞ்சம் வலப்புறமாக உருட்டிப் பிடித்துப் பாருங்கள். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு மூன்று விரல்முட்டிகள் கண்ணில் பட வேண்டும். தங்களுக்கு இப்போது ஒன்றுதான் படும் என்று நினைக்கிறேன். இறுக்கமும் சற்று அதிகம். பல் பிடுங்கும் குறடு மாதிரி பிடிக்க வேண்டியதில்லை.

பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்துப் பாருங்கள். பந்து உட்காரும் அந்தக் குச்சியை மண்ணில் அவ்வளவு ஆழமாகக் குத்த வேண்டாம். பாதிப் பந்து மட்டையின் தலைக்கு மேலே தெரிகிற உயரம் இருக்கட்டும்.

இதைச் செய்தாலே பெரிய மாற்றம் தெரியும். நிற்கும் நிலையைப் பற்றித் தாங்களே எழுதியிருப்பதால் அதை நான் தொடவில்லை.

இங்கே வேலையில் மண்டை காய்கிறது. லிஃப்ட் ஏறி இறங்க வந்த தண்டவாளம் ஒன்றுகூட நேராக இல்லை. நூல் விட்டுப் பார்த்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று. சப்ளை செய்தவனைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்துவிட்டேன்.

தங்கள்,
சம்பந்தி


கிளினிக்,
ஏப்ரல் 5

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்தேன். இப்போது பந்து இடது பக்கமும் போகிறது. சந்தோஷமா?

முன்பாவது எங்கே போகும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. நேராக மரத்துக்குள் போய்த் தேடலாம். இப்போது ஒன்று தாழப் பறந்து இடது பக்கம் குளத்தில் விழுகிறது, அடுத்தது பழையபடி வலது பக்கம். பயிற்சி மைதானத்தில் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நைசாகத் தள்ளிப் போய்விட்டார்கள். ஒருவர் போகும்போது, "டாக்டர், நான் அப்புறமா வர்றேன்" என்றார். என் கிளினிக்கில் எல்லோரும் சொல்வதும் அதுதான்.

உள்ளங்கையில் கொப்புளம். நேற்று ஒரு அம்மாவுக்கு ஊசி போடும்போது வலியில் என் முகம் கோணிவிட்டது. "ஏன் டாக்டர், எனக்குத்தானே வலிக்கணும்?" என்று அந்த அம்மா கேட்கிறார். வீட்டிலோ என் மனைவி, "பல்லைப் பிடுங்கற கைக்குப் பந்து எதுக்கு?" என்று காலையிலும் மாலையிலும் கேட்கிறாள். பையன் வாயே திறப்பதில்லை, அவன் உங்களைப் போல.

வலது பக்கம் போவது அதிகமாக அதிகமாக, நான் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் குறி வைத்து அடிக்கிறேன். அதுதானே புத்திசாலித்தனம்? ஆனால் எவ்வளவுக்கு இடது பக்கம் குறி வைக்கிறேனோ அவ்வளவுக்கு அதிகமாக வலது பக்கம் வளைகிறது. இது என்ன நியாயம்? இத்தனை வருடத்தில் ஒரு கடைவாய்ப் பல்கூட என்னை இப்படிப் படுத்தியதில்லை.

இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள். இந்த முறை வேலை செய்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள்.

சம்பந்தி


சைட் ஆபீஸ்,
ஏப்ரல் 11

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கைக்கொப்புளத்தை நினைத்து வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு வழி இருக்கிறது. மட்டை கீழே வரும்போது தங்களுக்கு வலது தோள் முன்னால் வந்துவிடுகிறது. அதனால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிற மாதிரி வருகிறது. பந்துக்கு அந்தப் பக்கம், தங்கள் உடம்பிலிருந்து தள்ளி, ஒரு துண்டைச் சுருட்டிப் பந்துக்குச் சற்றுப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். துண்டைத் தொடாமல் அடிக்க வேண்டும். தொடாமல் அடித்தால் மட்டை உள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம்.

இடது பக்கம் குறி வைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமோ என்று ஒரு சின்ன அபிப்பிராயம். இது அபிப்பிராயம்தான். தங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்யவும்.

இங்கே ஒன்பதாவது மாடிக் கதவு மூட மாட்டேன் என்கிறது. பிறகு எழுதுகிறேன்.

தங்கள்,
சம்பந்தி


கிளினிக்,
ஏப்ரல் 19

சம்பந்திக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று மாலை பயிற்சி மைதானத்தில் இருந்தேன். நீங்கள் சொன்ன துண்டை வைத்து அடித்தேன். பந்து போன தூரத்தைவிடத் துண்டு போன தூரம் அதிகம். என் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக உங்கள் பெண் என்னை அழைத்துப்போக வந்தாள். விளையாட்டு உடையோடு, கழுத்தில் விசிலோடு வந்து பின்னால் நின்றாள். நான் பழக்கதோஷத்தில், திரும்பிப் பார்க்காமலே, "நேரா நிக்கிறேனாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா" என்றாள்.

"என்னது?"

"கேன்டீனைப் பார்த்து நிக்கிறீங்க மாமா. கொடி அங்க இருக்கு. எங்க அஞ்சாம் கிளாஸ் பசங்க வரிசையில இப்படி நின்னா நான் விசில் அடிப்பேன்."

நான் நம்பவில்லை. மட்டையைக் காலடியில் படுக்கவைத்து, "பின்னாடி வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். மட்டை கொடிக்கு இடது பக்கம் இருக்கும் கேன்டீன் வாசலைக் காட்டுகிறது. கொஞ்சம் இல்லை சம்பந்தி, வாசலில் நின்று டீ ஆற்றுகிறவரின் மூக்கைக் காட்டுகிறது. அங்கே பார்த்து நின்றுகொண்டு கொடியை நோக்கி அடிக்க வேண்டுமென்றால் தோளை இழுத்து வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் வளையத்தான் செய்யும். வளைகிறதே என்று நான் இன்னும் இடது பக்கம் திரும்பி நின்றிருக்கிறேன். வருடக்கணக்காக இதையே செய்துகொண்டிருக்கிறேன். இதை ஒரு விளையாட்டு டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

நீங்கள் மூன்று வருடம் என் பின்னால் நின்றீர்களே, எதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்?

கண் தெரியாதவர் இல்லை நீங்கள். பத்து மாடி உயரத்துக்குத் தண்டவாளம் ஒரு நூல் விலகினால் ஆளைக் கூப்பிட்டுக் கிழிக்கிறவர். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, உங்களுக்குத் தெரியும். தெரிந்தே, ஒவ்வொரு தடவையும், நான் நம்பிக் கேட்டபோதெல்லாம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இப்போதும் பிடி என்றீர்கள், குதிகால் என்றீர்கள், துண்டு என்றீர்கள். கையில் தோல் உரியும்வரை என்னை அடிக்கவிட்டு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பழைய பொய்யெல்லாம் வெளியே வந்துவிடும். அதானே?

இதை எதிரி செய்தால் புரிகிறது. நீங்கள் ஏன் செய்தீர்கள்?

பதில் வேண்டும். "தங்கள்" "தாங்கள்" எல்லாம் போடாமல் எழுதுங்கள்.


சைட் ஆபீஸ்,
ஏப்ரல் 25

சம்பந்திக்கு,

சரி. போடாமல் எழுதுகிறேன்.

ஆமாம், தெரியும். முதல் நாளே தெரியும். நீங்கள் கேன்டீனைப் பார்த்து நிற்பது கிளப்பில் புல் வெட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். உங்களிடம் யாரால் எதைச் சொல்ல முடியும்? அதை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

கல்யாணம் முடிந்த புதிதில் உங்கள் புதுக் கிளினிக்கைத் திறந்தீர்கள். எல்லோரும் லிஃப்டில் ஏறப் போனோம். கதவு நடுவில் ஆள் நின்றாலும் மூடிக்கொண்டே வந்தது. ஆளைக் கண்டதும் கதவைத் தடுக்கும் சென்சார் கண் வேலை செய்யவில்லை. என் தொழில் அது. "சம்பந்தி, இதுல யாரையும் ஏத்தாதீங்க, சரியா மாட்டலை" என்றேன். நாலு பேர் முன்னால் சொன்னது தப்புதான், ஆனால் ஏறப்போனதும் அந்த நாலு பேர்தான். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறிப் போனீர்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. நான் பண்டிதன் மாதிரி பேசினேனாம், பெண் வீட்டுக்காரனுக்கு என்ன திமிர் என்றீர்களாம். காதுக்கு வந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் என் பெண் போன் செய்தாள். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுகிறாள். "அப்பா, மாமாகிட்ட என்ன சொன்னீங்க? இங்க யாருமே என்கூடப் பேச மாட்டேங்கிறாங்கப்பா" என்றாள். அவள் அப்படி மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை. விளையாட்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற பெண் அவள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி இந்த மனுஷன் பகலை இரவு என்றாலும் ஆமாம் சம்பந்தி, நட்சத்திரம்கூடத் தெரிகிறது என்று சொல்வதென்று. நீங்கள் கேன்டீனைப் பார்த்து நின்றால் என்ன, வானத்தைப் பார்த்து நின்றால் எனக்கென்ன? என் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாள். மரத்துக்குள்ளிருந்து பந்தை எடுப்பது எனக்குப் பெரிய காரியம் இல்லை.

ஆனால் மூன்று வருடம் எடுத்தால் யாருக்கும் அலுக்கும் சம்பந்தி. முள்ளில் கை கிழியும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு "நல்ல அடி" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. ஆடிட்டர் போன் செய்தபோது அங்கே எந்தத் துளைச் சத்தமும் இல்லை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வருடம் வெயில் படுகிற இடத்தில் நின்று ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் சரி என்றேன்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆடிட்டரிடமிருந்து விலகச் சொன்னால் விலகுகிறேன். இதற்காக என் பெண்ணிடம் முகத்தைத் திருப்பாதீர்கள். அது ஒன்றுதான் கேட்கிறேன்.


கிளினிக்,
ஏப்ரல் 30

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

லிஃப்ட் விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோபப்பட்டேன். இரண்டு நாள் இருக்கும். அதற்குப் போய் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை என்பதெல்லாம் அதிகப்படி. உங்கள் பெண் எங்கள் வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள். சந்தேகம் இருந்தால் அவளையே கேளுங்கள்.

ஆடிட்டரை விட வேண்டாம். எனக்காக யாரும் வெயிலைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. எனக்கு ஜோடி கிடைத்துவிட்டது. உங்கள் பெண்தான். சின்ன வயதில் உங்களோடு வந்து அடித்துப் பழகியவளாம், பள்ளிக்கூடப் போட்டியில் ஜெயித்தவளாம். இவ்வளவு நாளாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஏன் மட்டையைத் தொடவில்லை என்று கேட்டால், "நேரமில்ல மாமா" என்கிறாள். இன்று பெயர் கொடுத்தாகிவிட்டது.

மைதானத்தில் பார்க்கலாம்.


சைட் ஆபீஸ்,
மே 20

சம்பந்திக்கு,

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். ஓடிவிட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆடிட்டர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

நீங்கள் அவரிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார், அதனால் எழுதுகிறேன். நம் இரண்டு ஜோடியும் எதிரெதிராக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதின்மூன்றாவது குழி வரை சமமாகத்தானே வந்தோம்? அந்தக் குழியில் தொடக்க அடி என்னுடையதும் உங்களுடையதும். அடுத்த அடிக்காக ஆடிட்டரும் என் பெண்ணும் முன்னாலேயே நடந்து போய்விட்டார்கள். நான் அடித்தேன். நடுப் புல்லில் நல்ல இடத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு நீங்கள் போய் நின்றீர்கள். அதுவரை ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில் இருந்து, நீங்கள் நிற்கும் முன்பே இடத்தைக் காட்டிவிட்டுத்தான் போனாள். அந்தத் தடவை மறந்துவிட்டாள்.

நீங்கள் குளத்தைப் பார்த்து நின்றீர்கள். ஒரு தடவை என் பக்கம் பார்த்தீர்கள். எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, நான் எதிரணி. கேட்காமல் திரும்பி மட்டையைத் தூக்கினீர்கள்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. "யோவ் சம்பந்தி, குளத்தைப் பார்த்து நிக்கிறீரு! வலது பக்கம் திரும்பும்யா!" என்று கத்திவிட்டேன். யோவ் என்று சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். மற்றதற்கு இல்லை.

எதிரணிக்கு யோசனை சொன்னால் சொன்னவர் அந்தக் குழியை இழக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. கிளப் செயலாளர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பதும் தெரியும். அவர் குழியை உங்களுக்கு எழுதினார். அங்கே தூரத்தில் என் நல்ல பந்துக்குப் பக்கத்தில் ஆடிட்டர் மட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நின்றார். அவரிடம் போய்ச் சொல்ல நான் நடந்த தூரம்தான் இந்த வருடத்திலேயே நீளமானது.

கடைசியில் அந்த ஒரு குழியில்தான் தோற்றோம். நீங்கள் அடுத்த சுற்றில் என்ன ஆனீர்கள் என்று தெரியவில்லை. எழுதுங்கள்.

சம்பந்தி


கிளினிக்,
மே 26

அன்புள்ள சம்பந்திக்கு,

அடுத்த சுற்றில் மண்ணைக் கவ்வினோம். நான் நேராக நின்றேன், அதிலே சந்தேகமில்லை. உங்கள் பெண் கோடு கிழித்தே நிறுத்தினாள். இருந்தும் பாதிப் பந்துகள் வலது பக்கம்தான் போயின. தோள் பழகிவிட்டதாம், மாறுவதற்கு மாதங்கள் ஆகுமாம். அவள் மரத்துக்குள்ளிருந்து எடுத்து எடுத்து, மூன்றாவது தடவை வெளியே வந்து, "மாமா, எனக்கு இப்ப கெட்ட கோபம் வருது" என்றாள். நல்ல அடி என்று சொல்லவில்லை. எரிச்சலாக இருந்தது, ஆனால் பரவாயில்லை என்றும் இருந்தது.

நான் எழுத வந்தது வேறு. உங்களோடு ஆடிய அன்றைக்கு, எங்களுக்கு அந்தக் குழி எப்படிக் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியாது. தூரத்தில் நின்றவள் ஆடிட்டர் மட்டையை வீசி எறிந்ததை மட்டும்தான் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னேன். நீங்கள் கத்தியதை அப்படியே, யோவ் உட்பட, சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எங்கப்பாவா? உங்ககிட்டயா?" என்றாள். சிக்னல் சிவப்பில் நின்றோம். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் சம்பந்தி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள், மறுபடி அழுகிறாள்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை நான் அதிகப்படி என்று எழுதினேன். அந்தக் குழாய்ச் சத்தத்தை நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள் என்றே நினைத்திருந்தேன். அவளைக் கேளுங்கள் என்றும் எழுதினேன். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், அதனால் நானே கேட்டேன்.

"நான் என்ன அவ்வளவு பயங்கரமான ஆளாம்மா?"

கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாள், சீட் பெல்ட்டைச் சரி செய்தாள்.

"இப்ப இல்ல மாமா" என்றாள்.

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தாள்.

உங்கள் சம்பந்தி